தெகுதார் லீவில் போகிறார்

1

இந்தக் கதை ஏ.சி. காற்றில் பிறந்தது. சரியாகச் சொன்னால், அந்தக் காற்று என் கட்டில்வரை வராததில் பிறந்தது. துபாய் கராமா, 1994 ஆகஸ்ட், ஆறு பேர் படுக்கும் அறை. ஏ.சி.க்கு நேர் கீழ்க்கட்டில் சதக்கத்துல்லாவுக்கு. யார் எங்கே படுப்பது, யார் என்றைக்குச் சமைப்பது என்பதெல்லாம் அவர் வாக்கு. கல்லூரியில் படித்த சரித்திரத்துக்கு துபாயில் வேறு வேலை கிடைக்காததால் அவருக்கு 'இல்கான்' என்று பட்டம் கொடுத்தேன்.

(பாரசீகத்தை ஆண்ட மங்கோலியரின் பட்டம் அது. "இல்னா வீடு, வீட்டுக்கே கான்!" என்று சதக் பாய் தானே உரை எழுதிப் பூரித்தார். மங்கோலிய 'இல்'லுக்குக் 'கீழ்ப்பட்ட' என்று பொருள். மேலே பெரிய கான் உண்டு. எங்களுக்கு மேலே விசா கொடுத்த அரபி முதலாளி, கஃபீல் உண்டு. பூரித்திருப்பவரிடம் அகராதியை நீட்டுவது மரியாதையில்லை.)

2

அந்தப் பட்டத்தை வைத்து நான் எழுத உட்கார்ந்த ராஜா கதைக்கு முதல் தொடக்கம்: "1284. குராசான் சமவெளியில் குதிரைகளின் குளம்போசை இடியென..."

வேண்டாம். எனக்குக் குதிரை தெரியாது. சத்வா பஸ் தெரியும்.

இரண்டாவது: இல்கான் தெகுதார், தன்னை எதிர்த்த அண்ணன் மகன் அர்கூனைப் பிடித்துவிட்டார். "கதையை முடித்துவிடலாம்" என்றார் தளபதி. தெகுதாருக்குப் புதுப் பெண்டாட்டி நினைப்பு. "வந்து பார்த்துக்கிறேன்" என்று கைதியைக் காவலில் விட்டுவிட்டுக் கிளம்பினார்.

3

சதக் பாய்க்கும் அண்ணன் மகன் உண்டு. அம்மார். "சாச்சா போடுற முறைக்கு இனி யாரும் சமைக்கக் கூடாது" என்று அறையில் கலகம் மூட்டினான். மூன்று பேர் சேர்ந்தார்கள். (நான் வரலாற்றாசிரியன், நடுநிலை.) வெள்ளிக்கிழமை சதக் பாய் தனியாளாக ஆட்டுக்கறி தாளித்தார். புரட்சிப்படை தட்டோடு சரணடைந்தது. அம்மார் மட்டும் காய்ந்த குப்பூஸ் ரொட்டியோடு நின்றான்.

"பெட்டியக் கட்டுடா. அஜ்மான் லேபர் கேம்ப்புல போய்க் கெட."

"யாரு போறான்னு பாப்போம் சாச்சா."

மறுநாளே பாய்க்கு ஃப்ளைட். முப்பத்தெட்டு வயதில் நிக்காஹ். கீழக்கரையில் ருக்கையா காத்திருந்தார். அம்மாரை கேம்ப்பில் தள்ளிவிட்டுத்தான் போவேன் என்றால் ஃப்ளைட் போய்விடும்.

"வந்து பார்த்துக்கிறேன்" என்றார் சதக் பாய்.

இதை நான் எழுதவில்லை. அவரே சொன்னார்.

4

அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவருக்கு இரண்டாம் தொடக்கத்தை வாசித்துக் காட்டினேன்.

"இந்த ராஜா புத்திசாலியா?"

"புது மாப்பிள்ளை, பாய்."

"அண்ணன் மகன் என்ன ஆனான்?"

"'பூக்கா'ன்னு இன்னொரு தளபதி அவிழ்த்துவிட்டாரு. அடுத்த ராஜா ஆனான்."

கயிறு நின்றது. சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார். "விமல் தம்பி, கஃபீல் ரூமைப் பாக்க வருவாரு. சாவி யார் கையில இருக்கோ அவன்தான் அவருக்கு ரூம் ஆளு. போச்சுன்னா, திரும்பி வந்து எனக்குப் படுக்க எடமில்ல." வாசல் வரை போய்த் திரும்பினார். "நான் வர்ற வரைக்கும் கதைய முடிச்சிராதே."

எந்தக் கதை என்று கேட்டிருக்கலாம். டாக்ஸி ஹார்ன் அடித்தது.

5

நான் கதை வாசித்ததை மேல்கட்டிலில் படுத்துக் கேட்டிருந்த அம்மார் டீயோடு வந்தான். இஞ்சி தட்டிய டீ.

"விமலண்ணே, ஏ.சி. கட்டில்ல நீங்க படுங்க. சாவிய மட்டும் தாங்க."

"சாச்சா பாவம்டா."

"பாவம்தான். அந்தப் பூக்காவுக்கு அப்புறம் என்ன கெடச்சுச்சு?"

"வசீர் பதவி, பெரிய மந்திரி."*

6

முடிவு அ: சாவியைக் கொடுக்கிறேன். குளிரில் போர்வை தேட...

முடிவு ஆ: மறுக்கிறேன். வேர்வையில், நிமிர்ந்த தலையோடு...

இரண்டையும் அடித்துவிட்டேன். தமிழில் 'இல்'லுக்கு 'இல்லாத' என்றும் பொருள் வரும். சதக் பாய் வீட்டுக் கானாகத் திரும்புவாரா, இல்லாத கானாகவா? கஃபீல் கதவைத் தட்டுகிறார். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என் கை காலியில்லை. ஒன்றில் டீ, ஒன்றில் சாவி.

* சில ஆண்டுகள் கழித்து பூக்காவின் தலையை அர்கூனே எடுத்தான். அம்மார் அடிக்குறிப்பு படிப்பதில்லை. நான் படித்திருக்கிறேன். டீ நன்றாகத்தான் இருக்கிறது.