முதல் தண்ணீர்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வயிறு கலங்குவதென்றால்கூட முனிசிபாலிட்டியின் அனுமதி வேண்டும்போல என்று சிவனாண்டிக்கு எரிச்சல். தண்ணீரைக் கொதிக்க வை என்கிறான் டாக்டர். சோப்புப் போட்டுக் கை கழுவு என்கிறாள் நர்சம்மா. சோப்பை யார் வாங்கித் தருவது என்று மட்டும் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. கக்கூசுக்கே லைனில் நின்று காலை மாற்றி மாற்றி ஊன்றுகிறவனுக்குப் புத்தி சொல்ல, மாட்டுங்கா மாடி வீட்டில் குளித்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

தாராவிக்கு வந்த நாள்முதல் தோல் கிடங்கில் உப்பு மூட்டை சுமந்த மனிதர். இப்போது தோளுக்கு ஆகவில்லை. மிச்சமிருக்கும் ஒரே கௌரவம் குழாயடிதான். சந்துக் குழாயில் விடிகிற நேரத்தில் தண்ணீர் வரும். கொஞ்ச நேரம் வந்துவிட்டு மறுநாள்வரை முகம் காட்டாது. அதில் முதல் குடம் சிவனாண்டி வீட்டுக் குடம். ஊர்க் கிணற்றில் ராத்திரி முழுக்க அசையாமல் தெளிந்து கிடக்கும் தண்ணீரை முதலில் இறைத்தவள்தான் கெட்டிக்காரி. குழாய்க்கு மட்டும் வேறு சட்டமா என்ன? சாமிக்கும் குடிக்கவும் முதல் தண்ணீர். மற்றவர்களுக்கு மிச்சம். லைனின் கடைசியில் நிற்கும் மதீனா பீவிக்குக் கிடைப்பது வால் தண்ணீர் என்று வருத்தப்படுவதுபோல் சொல்வார். வருத்தம் அவ்வளவாக இருக்காது.

அந்த மழைக்காலத்தில் பேத்தி பூமாரிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. அப்போதுதான் நடை பழகிய பிள்ளை. பல் முளைக்கிறது, அதான் என்றார் சிவனாண்டி. மறுநாளும் நிற்கவில்லை. அப்படியானால் தொக்கம்தான், தின்றது தொண்டையில் தங்கியிருக்கிறது என்று, தொக்கம் எடுக்கிறவளைக் கூட்டி வந்தார். அவள் வயிற்றை நீவினாள், தொண்டையில் ஊதினாள், எதையோ எடுத்ததாகக் காட்டினாள், வெற்றிலை பாக்கோடு போனாள். பேதி மட்டும் போகவில்லை. ஊற்ற ஊற்றத்தானே ஒழுகுகிறது, ஊற்றாதே என்று அடுத்த உத்தரவு போட்டார். பிள்ளைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

சாயங்காலம் பூமாரி அழுதாள். கண்ணில் நீர் வரவில்லை. சிவனாண்டி அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. அவர் கையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

மருமகள் மாடத்தி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்கு நடந்தாள். புருஷன் செம்பூரில் பட்டறை வேலையில் இருந்தான். இங்கே இருந்திருந்தாலும் அவன் பெண்டாட்டி பக்கம்தான் என்பது கிழவரின் கணிப்பு. திரும்பி வந்தவள் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றினாள், கஞ்சியில் உப்புப் போட்டாள், கரண்டி கரண்டியாகப் புகட்டிக்கொண்டே இருந்தாள். பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறாள் என்று சந்து கேட்கச் சொன்னார் மாமனார். அவள் அடுத்த கரண்டியை எடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் பூமாரி, நின்றுபோயிருந்த மூத்திரம் வந்து, பாயை நனைத்தாள். அதற்கு மாடத்தி ஏன் அழுதாள் என்று சிவனாண்டிக்குப் புரியவில்லை. பொழுது சாயும்போது பிள்ளை தானாகவே கஞ்சிக் கிண்ணத்துக்குக் கை நீட்டியது.

பிள்ளை தேறியதும் மாடத்தி சந்தில் வீடு வீடாக விசாரித்தாள். வயிற்றால் போனதெல்லாம் குழாயடியில் முன்னால் நிற்கிற வீடுகள். பின்னால் நிற்கிறவர்கள் வீட்டில் ஒரு குழந்தைக்கும் ஒன்றுமில்லை. பிறகு குழாய் வருகிற வழியே நடந்து பார்த்தாள். அது சாக்கடைக்குள்ளேயே படுத்து வந்தது. ஒரு மூட்டில் துருப்பிடித்து, யாரோ சாக்குத்துணி சுற்றியிருந்தார்கள். தண்ணீர் நின்றபின் வெறும் குழாய் அங்கே எதைக் குடிக்கும், விடியலில் முதல் குடத்தில் எதைக் கக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் விடியலில் சிவனாண்டி வழக்கம்போல் முன்னால் போய் நின்றார். குடம் நிறைந்தது. மாடத்தி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, இதக் கீழ ஊத்துங்க."

"ஏட்டி, சாமிக்கு வச்ச தண்ணிய சாக்கடையில ஊத்தச் சொல்லுதியா?"

"அங்க இருந்துதான வந்திருக்கு. வந்த எடத்துக்கே போட்டும்."

லைனில் யாரோ சிரித்தார்கள். பின்னாலிருந்து மதீனா பீவி, "எங்க வீட்டுல இத்தன பிள்ளைய கெடக்கு அண்ணாச்சி. எல்லாம் வால் தண்ணிதான் குடிக்குது, ஒண்ணும் படுக்கல" என்றாள்.

"ஒம் பிள்ளைய கல்லத் தின்னாலும் செரிக்கும்" என்றார் அவர்.

மாடத்தி குடத்தைக் கவிழ்த்தாள். அடியில் கறுப்பாகக் கொஞ்சம் வண்டல் வந்து விழுந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். சிவனாண்டி மட்டும் வானத்தைப் பார்த்தார். மழைக்காலத்தில் வண்டல் வராமல் வெண்ணெயா வரும்? பிள்ளை பிழைத்ததென்றால் ஒத்துக்கொள்வார். தண்ணீரால்தான் படுத்தாள் என்றால், செத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். அப்படி ஒத்துக்கொண்டால், விடியாமல் எழுந்து அதைச் சுமந்து வந்து ஊட்டியது யார்?

"நல்லாப் பாத்துக்கிடுங்க எல்லாரும், டாக்டரம்மாவ" என்று மருமகளைக் காட்டிச் சொல்லிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தண்ணீர் பிடிக்காமலேயே சந்தைவிட்டு நடந்தார்.