தென்காசி வழியாக ஒரு மெட்ராஸ் கால்

நான் கோபக்காரி என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எட்டு வருஷம் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து, குற்றாலத்து லாட்ஜ்காரன் முதல் கீழப்பாவூர் அரிசி மில்காரன் வரை எல்லாருடைய ஏச்சையும் காதுக்குள்ளேயே வாங்கியவளுக்குக் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை நான் கோபத்தில் செய்த காரியத்துக்கு இன்றுவரை என்னை நானே மன்னிக்கவில்லை.

அன்று காலையில் ரேஷன் கார்டைத் தேடி அண்ணனுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ரேஷன் கார்டு கிடைக்கவில்லை. என் பெயருக்கு வந்த கடிதம் ஒன்று கிடைத்தது. கல்யாணசுந்தரி, டெலிபோன் ஆபரேட்டர் என்று தெளிவாக டைப் அடித்திருந்தது. வந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. கவர் பிரிக்கப்பட்டிருந்தது.

மெட்ராஸுக்கு மாற்றல் கேட்டு மூன்று வருஷமாக நான் எழுதிக்கொண்டிருந்தேன். கிடைத்துவிட்டது என்றது கடிதம். ஒரே ஒரு இடம்தான் காலி. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சம்மதத்தைத் தபாலிலோ தந்தியிலோ போனிலோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் எனக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு, வரிசையில் அடுத்து இருக்கும் நாகர்கோவில் ஆபரேட்டர் தங்கத்தாய்க்கு அந்த இடத்தைக் கொடுத்துவிடுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை அன்றைக்குத்தான்.

அண்ணன் நாறும்பூநாதனுக்குச் சுரண்டையில் வத்தல் கமிஷன் கடை. அவனுடைய சுரண்டைக் கூட்டாளி ஒருவர் மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள் உண்டு. ஆவணியில் எனக்கும் அவருக்கும் கல்யாணம் என்று அண்ணன் முடிவு செய்துவிட்டான். என்னைக் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு அவர் போட்ட கண்டிஷன் ஒன்றே ஒன்று, நான் வேலையை விட்டுவிட வேண்டும். கையில் மாற்றல் உத்தரவு இருந்தால் ரயிலேறிவிடலாம், ஒருவரும் என்னைத் தடுக்க முடியாது. அது இல்லாவிட்டால் நான் எங்கே போவேன்? அண்ணன் கடிதத்தை ஏன் ஒளித்து வைத்தான் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் வீட்டிலேயே பூட்டியிருப்பான். கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு பன்னிரண்டு மணி டியூட்டிக்குப் போனேன். போர்டே என் கையில் இருக்கிறது, மெட்ராஸைக் கூப்பிட எவ்வளவு நேரமாகும் என்றுதான் நினைத்தேன்.

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். அன்று பாவூர்சத்திரத்துக்குப் பக்கத்தில் புளியமரம் ஒன்று கம்பிகள் மேல் சாய்ந்துவிட்டது. திருநெல்வேலிக்குப் போகும் நாலு லைனில் மூன்று செத்துவிட்டன. தந்திக் கம்பியும் அதே கம்பத்தில்தான் போகிறது. கீழே தந்தி மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். காலையிலிருந்து போகாமல் கிடந்த தந்திகளை ஒரு கட்டாகத் தூக்கிக் காட்டினார்.

அந்தக் காலத்து டிரங்க் கால், அதாவது வெளியூர் போன், எப்படிப் போகும் என்று இப்போதுள்ளவர்களுக்குத் தெரியாது. தென்காசியிலிருந்து மெட்ராஸ் வேண்டுமென்றால், நான் திருநெல்வேலியைக் கூப்பிட வேண்டும். திருநெல்வேலி மதுரையைக் கூப்பிடும், மதுரை மெட்ராஸைக் கூப்பிடும். ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் பிளக்கைச் செருகிப் பிடித்திருக்க வேண்டும். நடுவில் ஒருவர் உருவினால் எல்லாம் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். லைனில் பெயர் சொல்ல மாட்டோம், ஊர்தான் பெயர். ‘எங்க போகணும்?’ என்று மட்டும்தான் கேட்போம். ‘எங்கயிருந்து வருது?’ என்று கேட்க மாட்டோம். கேட்டுக்கொண்டிருந்தால் வேலை ஓடாது.

உயிரோடு இருந்த அந்த ஒரு லைனில் திருநெல்வேலியைப் பிடித்தேன். ஏசுவடியான் அண்ணாச்சி டியூட்டியில் இருந்தார்.

“அண்ணாச்சி, மெட்ராஸ் ஒண்ணு வேணும்.”

“மெட்ராஸா? மதுரைக்கே வழியில்ல தாயி. கோவில்பட்டி பக்கம் கம்பம் சாஞ்சு கிடக்கு. ராத்திரி எட்டு மணி ஆவும்னு சொல்லுதான்.”

எனக்காக என்று அவரிடம் நான் சொல்லவில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் அவர் மனைவி ஊர் சுரண்டை. விஷயம் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் அண்ணன் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

எனக்கு இன்னொரு வழி தெரியும். செங்கோட்டை போய், மலையைத் தாண்டிப் புனலூர், அங்கிருந்து கொல்லம், எர்ணாகுளம், கோயம்புத்தூர், மெட்ராஸ். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழிதான். புனலூருக்குப் போகிறது ஒரே ஒரு லைன். இருந்தாலும் வழி வழிதானே? அதைப் பிடிக்கப் போன நேரத்தில் குற்றாலத்திலிருந்து லைட்னிங் கால் வந்தது, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் போட வேண்டிய உயிர் அவசரக் கால். சீசனுக்கு வந்த மெட்ராஸ்காரர் ஒருவர் ஐந்தருவியில் மயங்கி விழுந்துவிட்டாராம், மகனிடம் சொல்ல வேண்டுமாம். மனசு கேட்கவில்லை. அந்தக் காலைக் கேரளா வழியாகத் தள்ளினேன். ரொம்ப நேரம் போராடிக் கிடைத்துவிட்டது! அந்த மகன் அழுததும் என் காதில்தான் விழுந்தது.

அந்தச் சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்குமா? திருநெல்வேலியைக் கூப்பிட்டுப் பீற்றிக்கொண்டேன். “அண்ணாச்சி, மெட்ராஸுக்கு என்கிட்ட கேரளா வழி ஒண்ணு இருக்கு. அவசரம் ஏதாவது வந்தா என் பக்கம் தள்ளுங்க.”

“ஏயப்பா! தென்காசிக்காரின்னா தென்காசிக்காரிதான்” என்றார்.

அந்த லைட்னிங் கால் முடியும்போது மணி மூன்றே முக்கால். நான் செங்கோட்டையைக் கூப்பிட்டேன். செங்கோட்டை என்றால் மெஹர் பானு அக்கா. முகம் பார்த்ததில்லை, ஆனால் ஆறு வருஷப் பழக்கம். அவளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அட பாவி மனுசா, சொந்தத் தங்கச்சிக்கு வந்த லெட்டரையா ஒளிச்சான்?” என்றாள். “நீ கவலப்படாதட்டி. யார்கிட்டயும் உன் பேரச் சொல்ல மாட்டேன். ஒரு பொண்ணோட வேலை விஷயம், அஞ்சு மணிக்குள்ள மெட்ராஸ் வேணும்னு மட்டும் சொல்லுதேன். பிளக்க உருவாம பிடிச்சுக்கிட்டு இரு.”

பிடித்துக்கொண்டு இருந்தேன். புனலூர்க்காரரின் மலையாளம் தூரத்தில் கேட்டது. “ஒரு மினிட்டு, கேட்டோ.” அதன் பிறகு கொல்லம். அதன் பிறகு வெறும் இரைச்சல்.

இன்னொரு ஆபரேட்டர் ஊர்க் கோயில் கொடைக்கு லீவில் போயிருந்தாள். போர்டுக்கு நான் ஒருத்திதான். காதில் மாட்டிய ஹெட்செட்டின் வயர் ஒன்றரை கஜம். கிணற்றடியில் கட்டிப்போட்ட மாடு மாதிரி, தண்ணீர்ப் பானைக்குக்கூட எட்டவில்லை. கால் வந்தால் போர்டில் அந்த ஊர்த் தகடு விழும்; குற்றாலத்துத் தகடுகள் படபடவென்று விழுந்துகொண்டிருந்தன. லாட்ஜ் மேனேஜர் சொரிமுத்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டார்.

“மெட்ராஸ் கேட்டு மூணு மணி நேரமாச்சு. எக்ஸ்சேஞ்சுல ஆள் இருக்கா, இல்ல உறங்குதியளா?”

“உறங்குதோம். நீங்களும் போய் உறங்குங்க” என்று பிளக்கை உருவினேன்.

நாலு இருபது. நாலரை. சுவரில் கடிகாரம் நேர் எதிரேயே இருந்து தொலைத்தது. ஊரில் எவன் எவனுக்கோ எட்டு வருஷம் வழி திறந்துவிட்டவள் நான். எனக்கென்று ஒரு வழி கேட்டால் உலகமே சாத்திக்கொள்கிறதே என்று அழுகை வந்தது. அழுதுகொண்டே ஆலங்குளத்துக்கு ஒரு கால் போட்டேன்.

நாலு நாற்பதுக்குத் திருநெல்வேலித் தகடு விழுந்தது. பிளக் மாட்டிய வயரைக் கார்டு என்போம். இன்னொரு கார்டைச் செருகி, “தென்காசி” என்றேன்.

“தாயி, நாந்தான்” என்றார் ஏசுவடியான் அண்ணாச்சி. “நாகர்கோவில்ல இருந்து ஒரு மெட்ராஸ் கால் தள்ளிவிட்டிருக்காவ. உன் கேரளா வழியில போடேன்.”

எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் கேட்பதில்லை, அவராகத்தான் சொன்னார். நாகர்கோவில் என்றதும் எனக்குச் சுருக்கென்றது.

“என்ன விஷயமாம்?”

“யாரோ ஒரு பொண்ணாம். மெட்ராஸ்ல வேலை விஷயமாம். அஞ்சு மணிக்குள்ள சொல்லியாகணுமாம், பாவம்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தங்கத்தாய்! அந்த இடம் தனக்குக் கிடைக்குமா என்று கேட்க, ஐந்து மணி ஆகும் முன்பே மெட்ராஸுக்குப் போன் போடுகிறாள். அதுவும் என் போர்டு வழியாக, என்னுடைய ஒரே லைனில்! என்ன நெஞ்சழுத்தம்! அவளுக்கு நான் லைன் கொடுப்பதா?

எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. லைன் இல்லாவிட்டாலும் ‘பிடிச்சுக்கிட்டு இருங்க, பார்க்கேன்’ என்றுதான் சொல்வோம். மொட்டையாக இல்லை என்று சொன்னால் வழியில் இருக்கிற அத்தனை பேரும் பிளக்கை உருவிவிடுவார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

“லைன் இல்ல அண்ணாச்சி.”

“கொஞ்சம் பிடிச்சு வச்சுப் பாரேன். நாகர்கோவில்காரி ரெண்டு தடவ கெஞ்சிட்டா.”

“கெஞ்சினா கம்பி மொளைக்குமா? இல்லன்னா இல்லதான். உருவச் சொல்லுங்க.”

 டக்கென்று லைன் செத்தது. செய்தது சரிதான் என்று எனக்கு நானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன். பிறகு கேரளா லைனுக்கு மாறிக் காதைக் கொடுத்தேன். அந்த இரைச்சல் இல்லை. சுத்தமான அமைதியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் மெஹர் பானு அக்கா வந்தாள்.

“ஏட்டி தென்காசி, இருக்கியா?”

“இருக்கேன்க்கா. மெட்ராஸ் வந்துட்டா?”

“எங்கன வர? லைன அத்துட்டாவட்டி.”

“யாரு? எங்க?”

“எர்ணாகுளம் கிடைக்கலைன்னு கொல்லத்துக்காரன் திருவனந்தபுரத்துக்குப் போட்டிருக்கான். திருவனந்தபுரத்துல மெட்ராஸ் லைனு ஒண்ணும் காலியில்ல. அங்க உள்ளவன் நாகர்கோவிலப் பிடிச்சிருக்கான். நாகர்கோவில்காரி திருநெல்வேலியப் பிடிச்சுக் கொடுத்திருக்கா. எல்லாரும் உனக்காவத்தான். அதுக்கு அடுத்தால ஏதோ ஒரு ஊராம், அங்கன ஒருத்திகிட்ட மெட்ராஸுக்குத் தனி வழி இருக்குன்னு திருநெல்வேலிக்காரரு அவகிட்டக் கேட்டிருக்காரு. அவ மூஞ்சில அடிச்ச மாரி லைன் இல்லன்னுட்டாளாம். உருவச் சொல்லுன்னாளாம்.”

நான் போர்டைப் பார்த்தேன். திருநெல்வேலித் துளையில் நான் செருகின கார்டு இன்னும் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் செங்கோட்டைத் துளையில் இன்னொரு கார்டு. இரண்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. நான் கூப்பிட்ட கால் மலையைத் தாண்டி, இரண்டு ராஜ்யம் சுற்றி, என்னிடமே வந்து நின்றிருக்கிறது. ஆளைப் பார்க்காமலே அதை நான் துரத்திவிட்டேன்.

“ஏட்டி, கேக்கியா? இதுல கொடுமையக் கேளு. திருவனந்தபுரத்துக்காரன் நல்லவன். நாகர்கோவில்கிட்டக் கேட்டுக்கிட்டே, மெட்ராஸ் காலியானா உன்னத்தான் முதல்ல போடணும்னு கார்டக் கையிலயே வச்சிருந்திருக்கான். இல்லன்னு பதில் வந்ததும் உருவிட்டான். உருவி ஒரு நிமிசத்துல மெட்ராஸ் வந்துட்டாம். அத அடுத்த ஆளுக்குக் கொடுத்துட்டான். அந்தச் சிறுக்கி ஒரு நிமிசம் பிடிச்சு வச்சிருந்தா நீ இந்நேரம் பேசியிருப்ப.”

மணி நாலு ஐம்பது. “இன்னொரு தடவ பாருக்கா” என்றேன்.  அவள் பார்த்தாள். புனலூர் லைனில் ரப்பர் வியாபாரி யாரோ ஏறிக்கொண்டு கோட்டயத்தோடு விலை பேசிக்கொண்டிருந்தார். அவள் நடுவில் புகுந்து கெஞ்சினாள். மூன்று நிமிஷம் மூன்று நிமிஷமாக அவர் நீட்டிக்கொண்டே போனார். அவர் வைத்தபோது கீழே தபாலாபீஸில் கவுண்டரைச் சாத்துகிற சத்தம் கேட்டது. மணி ஐந்து ஐந்து.

மெஹர் பானு அக்கா எனக்காக அழுதாள். எனக்குத்தான் கண்ணீர் வரவில்லை. குற்றாலத்துத் தகடுகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. நான் எடுக்கவில்லை.

“அந்தப் பாதகத்தி எந்த ஊருக்காரின்னு திருநெல்வேலியக் கேட்டுச் சொல்லுதேன்” என்றாள் அக்கா. ஆத்திரத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. “நாக்கப் புடுங்கிக்கிடுத மாரி நாலு கேள்வி கேளு. ஒரு பொண்ணு வாழ்க்கைய இப்பிடி அறுத்தவ நல்லாயிருப்பாளா?”

“கேக்காண்டாம்க்கா” என்றேன். “அவ ஆவணியில கல்யாணம் முடிஞ்சு சுரண்டைக்குப் போயிருவா.”