மொட்டைமாடியில் வளர்ந்த நாற்று

கார்த்திகை மழையில் பிரகாசியின் மூன்று மா நிலமும், ஒரு ஏக்கர் முழுக்க, ஐந்து நாள் மூழ்கிக் கிடந்தது. தண்ணீர் வடிந்தபோது நட்ட பயிரெல்லாம் அழுகியிருந்தது. மறுநடவுக்கு நாற்று கேட்டு ஊர் ஊராக அலைந்தாள். எல்லார் வயலும் அதே கதிதான். வீட்டில் மிஞ்சியது அடுத்த குறுவைப் பட்டத்துக்கென்று எடுத்து வைத்த விதைநெல், இரண்டே கிலோ.

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் அதைச் சொல்லிக் கலங்கியபோது, சிஸ்டர் ஹந்தா பக்கத்தில் நின்றார். மடகாஸ்கர் நாட்டுக்காரர், மடத்து மருந்தகத்துக்கு நர்ஸாக வந்து ஏழு மாதம் ஆகிறது. தமிழ் ஓரளவு வசப்பட்டிருந்தது.

"ரெண்டு கிலோ போதும் அக்கா."

"மூணு மாவுக்கா சிஸ்டர்? முப்பது கிலோவாவது வேணுமே."

"எங்க அப்பா அப்படித்தான் நடுவார். பன்னிரண்டு நாள் நாற்று. ஒரு இடத்துக்கு ஒண்ணு, தள்ளித் தள்ளி."

ஒற்றை நாற்று நடவைப் பற்றி வேளாண்மை ஆபீசில் சொன்னபோது பிரகாசி சிரித்துவிட்டு வந்தவள். அது சிஸ்டரின் நாட்டு வயல்களில் பிறந்த முறை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாற்று விடத்தான் இடமில்லை, எங்கும் சேறு. பக்கத்து வீட்டு கமருன்னிஸா, "எங்க மொட்டைமாடி சும்மாதானே கிடக்கு, வாங்க" என்றாள். பிளாஸ்டிக் தாளை விரித்து, மண்ணும் எருவும் பரப்பி விதைத்தார்கள். காலையில் சிஸ்டர் தண்ணீர் தெளிப்பார், சாயங்காலம் கமருன்னிஸா.

பதின்மூன்றாம் நாள் நடவு. "இது நாத்தா, அருகம்புல்லா?" என்று நடவுப் பெண்கள் கேலி பேசினார்கள். சிஸ்டர் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார். நட்டு முடித்த வயல் வெறுந்தரையாகத் தெரிந்தது. பத்து நாள் பிரகாசிக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு, வேளாண்மை ஆபீசில் இரவல் வாங்கிய களைக்கருவியைப் பயிருக்கு நடுவே உருட்டிக் களை எடுத்தாள்; பயிர் தூர் கட்டத் தொடங்கியது. ஒற்றை நாற்று ஒவ்வொன்றும் கைக்கு அடங்காத குத்தாகப் பருத்தது.

பங்குனியில் அறுவடை. போன வருஷத்தைவிடக் கூடுதலாகவே விளைந்திருந்தது.

"உங்களுக்கு நான் என்ன செய்வேன் சிஸ்டர்?"

ஈஸ்டர் முடிந்து ஊருக்குத் திரும்பவிருந்த சிஸ்டர் தயங்கினார். "வயல்ல உருட்டினீங்களே, அந்தக் களைக்கருவி. எங்க கிராமத்துல அது இல்ல. பெண்கள் குனிஞ்சு குனிஞ்சு கையாலதான் எடுக்கறாங்க."

பிரகாசியின் நெஞ்சு லேசாகிவிட்டது. வாங்கிக்கொண்டே இருப்பவளுக்குக் கொடுக்கவும் ஒன்று கிடைத்ததே. கோயிலில் சொன்னாள், பங்கு மக்கள் ஆளுக்குக் கொஞ்சம் இரும்பு கொண்டுவந்தார்கள். வெல்டிங் பட்டறை சைபுல்லா, பெட்டியில் அடங்கும்படி கழற்றிப் பூட்டுகிற மாதிரி ஐந்து கருவி செய்து கொடுத்தார். கூலி கேட்கவில்லை. "சிஸ்டரோட அத்தாவுக்கு, அதான் அப்பாவுக்கு, சலாம் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார்.

வைகாசியில் பிரகாசியின் போனுக்குச் சிஸ்டரின் குரல் பதிவு வந்தது. புரியாத மொழியில் ஒரு முதியவர் நிதானமாகப் பேசினார். பிறகு சிஸ்டர் தமிழில் சொன்னார்: "களைக்கருவிக்கு அப்பா நன்றி சொல்றார். குறுவைக்கு உங்க வயல்ல தண்ணி வந்துடுச்சான்னு கேக்கறார்."

பிரகாசி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கமருன்னிஸாவுக்கும் கேட்கட்டும் என்று போனோடு பக்கத்து வீட்டுக்கு நடந்தாள்.