மூன்றாம் மாடிப் பரிசோதனை

மகள் பிறந்த நாற்பத்தைந்தாம் நாள் டாக்டரம்மா எங்கள் இருவரையும் எதிரில் உட்காரவைத்துப் பேசினார். என் மனைவியின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. முதல் பிரசவத்தில் அவள் பிழைத்ததே பெரிய விஷயம்.

"இன்னொரு தடவை உண்டானா இந்த இதயம் தாங்காது. இன்னிக்கே ஒரு வழி முடிவு பண்ணிட்டுப் போங்க."

ஒவ்வொன்றாகச் சொன்னார். வழக்கமான கருத்தடை மாத்திரை அவளுக்கு ஆகாது, இரத்தம் உறையலாம். ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுக்க வேண்டும், அதிலும் பயம் இருக்கிறது. காப்பர்-டி போடலாம், ஆனால் போடும்போது சிலருக்கு நாடி இறங்கிவிடும், பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் போட வேண்டும். கடைசியில் பேனாவால் என்னைக் காட்டினார். "இவருக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணா கால் மணி நேர வேலை. நடந்தே வீட்டுக்குப் போயிடலாம்."

மருந்துக்கடையில் வேலை பார்த்தவள் என் மனைவி. இந்தப் பேச்சுக்கெல்லாம் கூச்சப்பட மாட்டாள். "இவரு ஊசியைப் பார்த்தாலே ஓடுற ஆளு, டாக்டர். எனக்கே காப்பர்-டி போட்டுடுங்க" என்றாள்.

"நான் பண்ணிக்கிறேன்" என்றேன். நான் அவளுக்குச் செய்த நல்லவற்றில் அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

"உடனே பலன் இருக்காது. மூணு மாசம் ஆணுறை போடுங்க. அப்புறம் விந்து பரிசோதனை. ஒண்ணுமே இல்லன்னு ரிப்போர்ட் வந்த பிறகுதான் நிம்மதியா இருக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

நான் லிஃப்ட் மெக்கானிக். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பி எங்கள் வேலையில் யாரும் கம்பியைத் தொடுவதில்லை. டெஸ்டர் வைத்துப் பார்ப்போம். எரியவில்லை என்றால்தான் கை வைப்போம். இதை நானே அவளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆபரேஷன் முடிந்து காலை அகட்டி அகட்டி வீட்டுக்குள் வந்தவனைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சுவிட்ச் அணைச்சாச்சு. டெஸ்டர் வெக்கிற வரைக்கும் கிட்ட வராதீங்க."

வேலையிடத்தில் ஹெர்னியா என்று சொல்லி நான்கு நாள் லீவு போட்டிருந்தேன். திரும்பிப் போன அன்று என் கூட்டாளி, நாங்கள் ஒல்லி என்று கூப்பிடுகிறவன், சாமான் வைக்கும் அறையில் எல்லார் முன்னாலும் கேட்டான். "ஹெர்னியாவா, இல்ல ஃபியூஸைப் புடுங்கிட்டாங்களா? பார்த்துடா, வீட்டம்மா வேற லைன்ல கனெக்‌ஷன் எடுத்துடப் போறாங்க." அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மூன்று மாதம் முடிந்தது. பரிசோதனைக்கு டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை அவளே எடுத்து என் சட்டைப் பையில் வைத்தாள். பரிசோதனைக் கூடம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்ட் என் பொறுப்பில் இருந்தது. மாதம் ஒருமுறை போவேன். வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண்ணுக்கு என்னைத் தெரியும்.

"வாங்கண்ணே, சர்வீஸா? போன மாசமே கதவு இழுக்குதுன்னு சொன்னேனே" என்றாள் அன்றைக்கு. பின்னால் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் பையில் சீட்டு இருந்தது. அதை எடுத்து நீட்டினால் அவள் படிப்பாள், எழுதுவாள், மூடி போட்ட ஒரு டப்பாவைத் தருவாள். ஒல்லியும் சில சமயம் இங்கே வேலைக்கு வருவான்.

"ஆமாம்மா, சர்வீஸ்தான்" என்றேன்.

கதவைச் சரிசெய்தேன். லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டேன். ஒரு மணி நேரம் வேலை செய்துவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டேன்.

சாயந்திரம் வீட்டுக்குப் போனபோது குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். "டெஸ்டர் எரிஞ்சுதா?"

"எரியல."

"ரிப்போர்ட் எங்க?"

"டாக்டர்கிட்ட குடுத்துட்டேன்."

அவள் விட்ட பெருமூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு அன்றுதான் பயமில்லாமல் என் பக்கத்தில் படுத்தாள். அடுத்த வாரம் வேறு இடத்தில் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் இரண்டானது. பிறகு அது செய்து முடித்த காரியம்போல எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

சில மாதங்கள் கழித்து அவள் மாறினாள். நேருக்கு நேர் பார்ப்பதில்லை. நான் வீட்டுக்குள் வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். "உடம்புக்கு என்ன?" என்றால் "கடையில நின்னு நின்னு கால் வலி" என்பாள். தொளதொளவென்று உடுத்தினாள். நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்கினாள். வால்வுதான் என்று நினைத்தேன். டாக்டரிடம் போகலாம் என்றால் அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று யோசிக்காத மடையனாக இருந்தேன்.

ஒரு காலை கடைக்குப் போகிற வழியில் விழுந்துவிட்டாள். கடை முதலாளிதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அதே டாக்டரம்மா வார்டு வாசலில் நின்றிருந்தார். "அஞ்சு மாசம் ஆயிருக்கு. நுரையீரல்ல தண்ணி. இதுக்கு மேல எதைச் செஞ்சாலும் ஆபத்து. ரெண்டு மாசத்துல வந்திருந்தா கலைச்சுக் காப்பாத்தியிருப்பேனே!"

உள்ளே போனேன். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். என்னைக் கண்டதும் அதை இழுத்துத் தள்ளினாள்.

"சத்தியமாங்க. நம்ம புள்ள மேல சத்தியமா. நான் யாரையும்..." மூச்சு வரவில்லை. மறுபடி ஆரம்பித்தாள். "கடையில கர்ப்பம் பார்க்குற கிட் எடுத்து நாலு தடவ பார்த்தேன். ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லன்னு நீங்க சொன்னீங்க. எனக்கே புரியல. உங்ககிட்ட என்னன்னு சொல்லுவேன்? யாரு நம்புவாங்க?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் டெஸ்ட்டே குடுக்கல" என்றேன்.

அவளுக்குக் கேட்கவில்லையோ என்று மறுபடி சொன்னேன். "வெக்கமா இருந்துச்சு. அந்தப் பொண்ணுக்கு என்னைத் தெரியும். லிஃப்டைப் பார்த்துட்டு வந்துட்டேன்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பயந்து பயந்து ஒளிந்த மாதங்களை எண்ணிப் பார்த்தாளோ என்னவோ.

"அப்போ என் மேல தப்பில்ல" என்றாள்.

"இல்ல. உன் மேல இல்லவே இல்ல."

"மாஸ்க்கைப் போட்டு விடுங்க."

போட்டு விட்டேன். அதன் பிறகு ஒன்பது நாள் இருந்தாள். தண்ணீர் வேண்டும், குழந்தை எங்கே, ஜன்னலைத் திற. இவ்வளவுதான் பேசினாள். வயிற்றில் இருந்ததும் அவளோடு போயிற்று.

காரியங்கள் முடிந்து ஒரு மாதம் கழித்து அந்தக் கட்டடத்துக்குப் போனேன். கருவிப் பையை எடுத்துப் போகவில்லை. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "என்னண்ணே, இந்த மாச சர்வீஸ் முடிஞ்சிடுச்சே?"

"சர்வீஸ் இல்லம்மா. எனக்கு டெஸ்ட். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியிருக்கேன். விந்து பரிசோதனை." அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

ஒருவர் பத்திரிகையைப் புரட்டினார். வேறு யாரும் திரும்பவில்லை. அவள் என் பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டு டப்பாவை நீட்டினாள். "இடது பக்கம் ரெண்டாவது கதவுண்ணே. மூடியை இறுக்கி மூடுங்க." சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டாள்.

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று சாயந்திரம் ரிப்போர்ட் வாங்கப் போனேன். உயிரணுக்கள் இருக்கின்றன என்று எழுதி, எண்ணிக்கையும் போட்டிருந்தது. அறுத்த குழாய் சிலருக்குத் தானாகச் சேர்ந்துகொள்ளுமாம், அபூர்வமாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் பரிசோதனையாம். அந்தப் பெண் தாளை மடித்து உறையில் போட்டுக் கொடுத்தாள்.

"உடனே டாக்டர்கிட்ட காட்டிடுங்கண்ணே. வீட்ல அண்ணிக்கிட்டயும் சொல்லிடுங்க, ஜாக்கிரதையா இருக்கட்டும். லேட் பண்ணிடாதீங்க."

"சரிம்மா" என்றேன்.