கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்

ஐந்து நாள் பயிற்சியின் முதல் நாள் காலையில் அக்கா செய்கிற முதல் வேலை, கரும்பலகையில் ஒரே ஒரு வரி எழுதுவது: ‘குழந்தை செய்ததை நாம் தொடக் கூடாது.’ பிறகு வந்திருக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களில் பாதிப் பேரைக் குழந்தைகளாக உட்காரவைத்து, அட்டையை வெட்டி வீடு கட்டச் சொல்வாள். மீதிப் பேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசைக்கு மேசை நடக்க வேண்டும். வாயால் கேள்வி கேட்கலாம். கை மட்டும் முன்னால் வரக் கூடாது.

“மூக்கு அரிச்சா என்ன மேடம் பண்றது?” என்று கேட்டார் ஒரு தலைமையாசிரியர்.

“அரிக்கட்டும் சார். மூக்கு ஒண்ணும் கழண்டு விழுந்துடாது.”

கூடமே சிரித்தது. மூன்றாவது மேசையில் இருந்த தங்கை மட்டும் சிரிக்கவில்லை. குனிந்தபடி அட்டையை வெட்டிக்கொண்டிருந்தாள்.

பயிற்சிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவள் மேடம்தான். நாம் அக்கா என்றே சொல்வோம், ஏனென்றால் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் அந்த ஐந்து நாளும் காத்திருந்தாள். தங்கை இரண்டாம் வகுப்பு ஆசிரியை. இருவரும் பேசி நான்கு வருடம் ஆகிறது. வருகிறவர்கள் பட்டியலில் தங்கையின் பெயரைப் பார்த்ததும் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. இதில் பேசாவிட்டால் அப்புறம் அவளைத் தேடிப் போக எந்தச் சாக்கும் கிடையாது.

அக்கா படித்தது கட்டடக்கலை. கோணலாக எதைக் கண்டாலும் அவள் கை சும்மா இருக்காது. டாக்டர் வீட்டுச் சுவரில் படம் சாய்ந்திருந்தால்கூட, வந்த காய்ச்சலை மறந்து எழுந்துபோய் நிமிர்த்துகிற ஆள். அம்மா போனபோது அவளுக்குப் பதினான்கு, தங்கைக்கு மூன்று. தலை பின்னியது, சோறு ஊட்டியது, உடம்புக்கு வந்தால் மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் இவள்தான். அந்த உரிமையில் தங்கையின் கையெழுத்தைத் திருத்தினாள், படிப்பைத் திருத்தினாள், கடைசியில் கல்யாணப் பத்திரிகையையும் திருத்தினாள். தங்கையும் மாப்பிள்ளையும் ஆசை ஆசையாக வரைந்து அச்சகத்தில் கொடுத்திருந்ததை, இவள் நேரே போய் மாற்றிவிட்டு வந்தாள். எழுத்தெல்லாம் ஒரே நெரிசலாக இருந்ததாம்! பத்திரிகை என்னவோ அழகாகத்தான் வந்தது. அன்றோடு பேச்சு நின்றது. கல்யாணத்தில் அக்கா யாரோ மாதிரி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

எல்லாப் பயிற்சியிலும் முதல் நாள் அவள் ஒரு கதை சொல்வாள். அன்றும் சொன்னாள்.

“எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி, அவளோட தங்கச்சி எட்டு வயசுல பள்ளிக்கூடத்துக்குன்னு செருப்புப் பெட்டியில ஒரு வீடு கட்டினா. அந்தப் பொண்ணு விளையாடிட்டு வர்றதுக்குள்ள, அதைப் பிரிச்சுப் போட்டுட்டு அக்காக்காரி நல்லதா ஒண்ணு கட்டி வெச்சுட்டா. முதல் பரிசு கிடைச்சுது. பரிசை வாங்க அந்தப் பொண்ணு மேடையேறவே இல்ல. அதுக்கப்புறம் அது கத்திரிக்கோலைத் தொட்டதும் இல்ல.”

வழக்கமாகச் சொல்கிற கதைதான். அன்றைக்கு மூன்றாவது மேசையைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான். தங்கை நிமிரவில்லை, ஆனால் கத்திரிக்கோல் நின்றிருந்தது.

இரண்டு நாள் மேடம் மேடம் என்றே போனது. மூன்றாம் நாள், சுவரில் சன்னலை எந்தப் பக்கம் வைத்தால் வெயில் எப்படி உள்ளே வரும் என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தங்கை தலையைத் தூக்காமலே கையை நீட்டி, “அக்கா, அந்தக் கத்தி” என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. காது சிவந்துவிட்டது. அக்கா கத்தியை எடுத்துக் கொடுத்தாள். அன்று மதியம் அவள் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

கடைசிப் பயிற்சி, மனதில் இருக்கிற ஒரு வீட்டை அட்டையில் கட்டுவது. ஐந்தாம் நாள் மதியம் எல்லோரும் முடித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். மூன்று மணிக்குக் கல்வி அதிகாரி வந்து பார்ப்பார், ஐந்து மணிக்கு அவரவர் பஸ்.

தங்கை தன் வீட்டை அக்காவின் மேசைக்குக் கொண்டுவந்து வைத்தாள்.

“இதைக் கொஞ்சம் பார்த்துக்கிறீங்களா? பசை காயணும். கடைவரைக்கும் போயிட்டு வந்துடறேன்.”

மேடம் என்றும் சொல்லவில்லை, அக்கா என்றும் சொல்லவில்லை. உதட்டில் சின்னதாகச் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது.

அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். சின்ன வீடு. ஒரு சன்னல் பெரிது, ஒன்று பொட்டு மாதிரி. முன்சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. பசை இன்னும் ஈரம். அதிகாரி வருகிற நேரத்தில் விழுந்து வைத்தால்? அத்தனை பேர் முன்னால் என் தங்கச்சி தலைகுனிந்து நிற்கணுமா? பிரிக்கப் போவதில்லை, மாற்றப் போவதில்லை, விழாமல் பிடித்துக்கொள்கிற மாதிரி லேசாக ஒரு தாங்கல், அவ்வளவுதானே? கை எப்போது முன்னால் வந்தது என்று அவளுக்கே தெரியாது. ஸ்டீல் ஸ்கேலை மூலையில் அணைத்து, இரண்டு சொட்டுச் சூப்பர் பசை விட்டு, சுவரை நிமிர்த்தி, முப்பது எண்ணினாள். சுவர் கல் மாதிரி நின்றது. பாவி, சந்தோஷப்படவும் செய்தாள்.

தங்கை திரும்பி வந்தபோது கையில் பூப்போட்ட பரிசுக் காகிதம் சுருட்டியிருந்தது. வீட்டைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“யாரு தொட்டது?”

பொய் சொல்லியிருக்கலாம். வந்தவர் போனவர் தலையில் போட்டிருக்கலாம். “நான்தான்” என்றாள் அக்கா. “விழுந்துடுமோன்னு...”

“விழாது. இந்த வீடு அன்னிக்கும் விழல.” தங்கையின் குரல் உயரவே இல்லை. “செருப்புப் பெட்டியில நான் கட்டினது. நீ பிரிச்சுப் போட்டியே, அதுதான். முதல் நாள் நீ அந்தக் கதையைச் சொன்னப்ப எனக்கு அழுகையா வந்துச்சு. சரி, உனக்குப் புரிஞ்சிருக்கு, அந்த வீட்டையே கட்டிக் கையில கொடுத்துட்டு வீட்டுக்கு வான்னு கூப்பிடலாம்னு இருந்தேன். உனக்கு அடையாளமே தெரியலையா?”

தெரியவில்லை. அதுதான் உண்மை. எத்தனையோ தடவை சொன்ன அந்தக் கதையில், பிரித்துப் போட்ட வீடு எப்படி இருந்தது என்று ஒரு வரிகூட இருந்ததில்லை. அவளுக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் பரிசு வாங்கிய வீடுதான், தான் கட்டியது.

“தெரியல” என்றாள்.

தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அருகில் வந்து அவள் தோளைத் தொட்டாள். “உன்னால முடியாது அக்கா. வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியும். ஆனா உன்னால முடியாது.”

ஐந்து நாளாகக் காத்திருந்த வார்த்தை, இந்தத் தடவை வாய் தவறாமல், இப்படி வந்து சேர்ந்தது. தங்கை காகிதத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். அதிகாரி வந்து பார்த்தார், பாராட்டினார், நேராக நின்ற அந்தச் சின்ன வீட்டைப் பார்த்து நேர்த்தி என்றார். ஐந்து மணிக்குத் தலைமையாசிரியரிலிருந்து எல்லோரும் வரேன் மேடம், வரேன் மேடம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்கள். தங்கை அந்தக் கூட்டத்தோடு போனாள். வரேன் என்று சொல்லவில்லை.

கூடம் காலியான பிறகு அக்கா அந்த வீட்டின் முன் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் கத்தியை எடுத்து, ஒட்டிய மூலையை மெல்லக் கீறி, சுவரைப் பழையபடி சாய்க்கப் பார்த்தாள். எவ்வளவு சாய்ப்பது? பத்தடி தள்ளி நின்றே சுவரில் நூலளவு கோணலைச் சொல்லிவிடுகிற கண் அது. நிமிர்த்துவதற்கு முன்னால் அந்தச் சுவர் எவ்வளவு சாய்ந்திருந்தது என்று மட்டும் அவள் பார்த்திருக்கவில்லை.