மாப்பிள்ளை பேரில் ஒரு கட்டுரை

“மாட்டுக்கும் எனக்கும் ஒரே வரியில நன்றியா சார்? அதுலயும் மாடு முன்னாடி, நான் பின்னாடி!”

ஆராய்ச்சி உதவியாளர் ஆரோக்கியசெல்வியின் குரல் கெலமங்கலம் ராகிப் பண்ணையின் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டு சரசம்மா அடுப்பில் பால் இருப்பதை மறந்து வாசலுக்கு வந்துவிட்டாள்.

“மெதுவா பேசும்மா செல்வி, நாலு பேரு கேக்கறாங்க” என்றார் பண்ணை அதிகாரி பாக்கியராஜ். கையில் அன்று தபாலில் வந்த ஆராய்ச்சிப் பத்திரிகை. மடியாத புதுத் தாள். அதில் வந்த அவர் கட்டுரையின் கடைசி வரியில்தான் உழவு மாட்டுக்கும் செல்விக்கும் நன்றி.

“கேக்கட்டுமே! ரெண்டு வருசமா வெயில்ல நின்னு கதிர எண்ணுனது நானு. பேரு மட்டும் உங்களுதும் ஜேம்ஸுதுமா? அந்தாளு ராகியக் களியாத்தானே பாத்திருக்காரு?”

பாக்கியராஜுக்கு முகம் சுருங்கியது. அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே. ஜேம்ஸ் பெங்களூர்க் கல்லூரி ஒன்றில் தற்காலிக விரிவுரையாளன். பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தால்தான் வேலை நிரந்தரமாகும். வேலை நிரந்தரமானால்தான் பாக்கியராஜின் மகள் மேரிராணிக்குத் தாலி என்று அவன் அம்மா தேவமணி பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டாள். மற்ற மாமனார்கள் மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம் போடுவார்கள். இவர் கட்டுரை போட்டார். அதில் தப்பிருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. இளவயதில் அவர் உழைப்புக்கு மேலதிகாரிகள் பேர் போட்டுக்கொண்டபோது அவரும் பல்லைக் காட்டிக்கொண்டுதானே நின்றார்?

கட்டுரைக்கு மூன்று வருட மகசூல் வேண்டும். மூன்றாம் வருடம் ஜவளகிரிக் காட்டிலிருந்து யானைகள் இறங்கி, அந்த ஆராய்ச்சி வயலில் ஒரு தாள்கூட மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டுப் போனது ஊருக்கே தெரியும். சந்தைக்கு வந்த சனம் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு யானை லத்தியைப் பார்க்கப் போனது. வந்தவர்களுக்கெல்லாம் பாக்கியராஜே தொப்பி போட்டுக்கொண்டு கூடவே நடந்து காட்டினார். அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பென்சிலை எடுத்து, அதே வயலில் தன் மேசைமேலேயே அறுவடை செய்தார். முதல் இரண்டு வருடத்தைவிட நல்ல விளைச்சல்.

வினை எங்கிருந்து வந்தது என்கிறீர்கள்? அன்று பெண்டாட்டி பிள்ளைகளோடு லத்தி பார்க்க வந்தவர்களில் பெங்களூர் விஞ்ஞானி ஒருவரும் இருந்தார். யானை தின்ற ராகி எப்படிக் களத்துக்கு வந்தது என்று அவர் பத்திரிகை ஆசிரியரைக் கேட்க, ஆசிரியர் பாக்கியராஜைக் கேட்டார்.

மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்க வேண்டிய மேரிராணியின் கல்யாண ஓலையை இரண்டாம் முறை வாசித்த ஞாயிற்றுக்கிழமை அது. பூசை முடிந்ததும் பாக்கியராஜ் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஆரோக்கியசெல்வியின் வீட்டுக்கே போய்விட்டார். எதிரில் உட்காரக்கூட இல்லை.

“நீ சொன்னது நியாயம்மா. யோசிச்சிப் பாத்தேன். திருத்தம் போடச் சொல்லிடறேன். ஒம்பேருதான் மொதல்ல.”

அவள் கண் ஒரு கணம் மின்னியதை அவர் பார்த்தார். மேரிராணிக்குத் தாலி ஏறிவிட்டதாகவே அவருக்குப் பட்டது.

“மூணாவது வருச அறுவடை மட்டும் ஒம்பொறுப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டா போதும். கணக்குல ஏதோ கைத்தவறுன்னு...”

“அப்பிடியா சேதி?” ஆரோக்கியசெல்வி பழத்தைத் திருப்பி அவர் கையிலேயே வைத்தாள். “அந்த வருசம் அறுத்தது நானில்ல சார், யானை. அதும் பேரையே போடுங்க. கையெழுத்து வேணும்னா தளி பஸ் ஏறி ஜவளகிரிக்குப் போங்க.”

தெருவே சிரித்தது. சரசம்மா இரண்டு தரம் சிரித்தாள்.

அடுத்த இதழில் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகை அறிவித்தது. அந்தக் கட்டுரையைத் தான் படித்ததே இல்லை என்று ஜேம்ஸ் ஆசிரியருக்கு எழுதினான். அவன் சொன்ன ஒரே உண்மை அதுதான். தேவமணி அந்த இதழ் வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை; அடுத்த ஞாயிறே மூன்றாம் ஓலையை நிறுத்திவிட்டாள்.

துறை பாக்கியராஜைச் சும்மா விடவில்லை. இளம் அதிகாரிகளுக்குக் கட்டுரை எழுதும் முறையைக் கற்றுக்கொடுக்கச் சொல்லிச் சேலத்துக்கு மாற்றியது. மேரிராணியைப் பெங்களூர்த் தொழிற்சாலை ஃபிட்டர் சகாயநாதன் கட்டிக்கொண்டான். அவனுக்குக் கட்டுரையும் வேண்டாம், கைக்கடிகாரமும் வேண்டாம். ஆரோக்கியசெல்வி மேல்படிப்புக்குக் கோயம்புத்தூர் போனவள் அங்கேயே ஒரு வாத்தியாரைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டாள். ஜேம்ஸுக்குப் பட்டுப்பூச்சிப் பண்ணை அதிகாரி ஒருவர் பெண் கொடுத்தார். தலைச்சன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்குள், பட்டுப்பூச்சியைப் பற்றி மாப்பிள்ளை பேரில் ஒரு கட்டுரை வந்து வேலையும் நிரந்தரமாகிவிட்டதாம்.