ஐம்பத்து நான்கு கிராம்

பதினொன்று பத்துக்கு வரவேண்டியவர் பத்தரைக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இடம் காலியாக இருந்தது. எப்போதும் அங்கே அவர் மனைவி பையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார்.

பல் மருத்துவக் கல்லூரியின் மூன்றாவது மாடியில் எங்கள் அறை. பல் கூச்சத்துக்கு ஒரு புதிய பசையைச் சோதிக்கிறோம். பாதிப் பேருக்கு மருந்து சேர்த்த பசை, பாதிப் பேருக்கு வெறும் பசை. இரண்டுக்கும் ஒரே வெள்ளை டியூப், மேலே எண் மட்டும். யாருக்கு எது என்று, எடுத்துக் கொடுக்கிற எனக்கும் தெரியாது. கூச்சமுள்ள பல்லில் ஒரு விநாடி குளிர்ந்த காற்றை ஊதி, வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் கேட்பது என் வேலை.

முதல் நாள் இருவருமே பேர் கொடுக்க வந்தார்கள். வீட்டுக்கு ஒருவர்தான் என்றேன். டியூப் மாறிவிடக் கூடாது என்பதற்காக அந்த விதி.

"அப்ப இவரையே எடுத்துக்கோங்க," என்றார் அந்த அம்மா. "ஐஸ்கிரீமப் பாத்தாலே பஸ்ஸ ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி பின்னாடி போறாரு."

அவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர்.

"இவ மட்டும் என்ன? ஃப்ரிட்ஜத் தொறந்தாலே வாயப் பொத்திக்கிறவ."

அன்று காற்று பட்டதும் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தார். எட்டு என்றார்.

நான்காவது வாரம் டியூபைத் திரும்ப வாங்கி எடை போடுவோம். நூற்றுப் பத்து கிராம் கொடுத்திருப்போம். காலையில் ஒரு கிராம், மாலையில் ஒரு கிராம். ஐம்பத்து நான்கு மிஞ்ச வேண்டும். தராசு பதினேழு காட்டியது.

"ரெண்டு பேர் தேய்ச்சீங்களா சார்?"

அவர் வாயைத் திறக்குமுன் கதவருகிலிருந்து குரல் வந்தது. "திருடி நான்தாம்மா. கடையில வாங்கினது எதுவும் கேக்கல. இது கேக்குது."

"நீங்க தொடக் கூடாதும்மா. இன்னொரு தடவை எடை குறைஞ்சா சாரை நீக்கிடுவாங்க."

"ஐயையோ. டிரைவரையே பஸ்ஸுலேருந்து இறக்கி விட்ட மாதிரி ஆயிடும். இனி அந்தப் பக்கமே போகல." சிரித்தார். காற்று படாமல் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார்.

புது டியூப் கொடுத்தேன். கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, பூட்டி வைக்கச் சொன்னேன்.

இன்று எட்டாவது வாரம். கடைசிச் சோதனை.

"அம்மா வரலையா?"

அவர் டியூபை நீட்டினார். "மொதல்ல எடை போடுங்க."

ஐம்பத்து நான்கு. குனிந்து அவரே எண்ணைப் படித்தார். இதுவரை ஒருவருக்கும் இவ்வளவு சரியாக வந்ததில்லை.

"சரியா இருக்குல்ல?"

"சரியா இருக்கு சார்."

"அவ போயி பன்னெண்டு நாள் ஆச்சு. காலையில நெஞ்சு வலின்னா. ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிருச்சு. அன்னிக்கும் ரெண்டு வேளையும் தேய்ச்சேன். ஒரு வேளைகூட விடக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல."

நான் கையுறையைக் கழற்றினேன். "இன்னொரு நாள் வாங்க சார்."

"வேண்டாம். ஊதுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

மறுபடி மாட்டிக்கொண்டேன். அவர் வாயைத் திறந்தார். ஊதினேன். கைகள் மடியிலேயே இருந்தன. இமைகூட அசையவில்லை. தாளில் எழுதியிருக்கிறபடியே கேட்டேன். "இப்ப வலி எவ்வளவு?"

"இன்னொரு தடவை ஊதுங்க."

ஒரு தடவைதான் ஊத வேண்டும். ஊதினேன்.

"கொஞ்சம் நல்லா ஊதுங்கம்மா."

ஊதினேன்.

"பூஜ்யம்," என்றார். முகம் இருண்டுவிட்டது.

எட்டிலிருந்து பூஜ்யம். எங்களுக்கு நல்ல எண். எழுதினேன்.

"அவ போறதுக்கு முந்தின நாள் சாயந்திரம் கேட்டா. ஒரே புழுக்கம், ஒரு வாய் ஜில்லுனு குடிக்கணும், ஒரு பொட்டு குடுங்க, பல்லுல தடவிக்கிறேன்னா. எடை காட்டிக் குடுத்துரும்டின்னேன். சாவி என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. டம்ளரைக் கொஞ்ச நேரம் கையிலயே வச்சிருந்தா. அப்புறம் கீழ வச்சிட்டா."

தராசில் எண் தானாக அணைந்தது.

"வெறும் பசை போட்டவங்களுக்கும் குறையும் சார்," என்றேன். அது உண்மைதான். "மருந்துன்னு நம்பித் தேய்க்கிறாங்கல்ல. அதுலயே குறையும்."

"பூஜ்யம் ஆகுமா?"

"யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது சார். எல்லாரும் முடிச்சப்புறம்தான் பட்டியலைப் பிரிச்சுப் பாப்பாங்க. இன்னும் ஏழு மாசம் இருக்கு."

அவர் எழுந்திருக்கவில்லை. டியூபை எடுத்து, எண்ணைத் தடவிப் பார்த்துவிட்டு, தராசின் மேலேயே திரும்ப வைத்தார்.

"வெறும் பசைதான்னு சொல்லிடும்மா. பொய்யாவாவது சொல்லிடேன்."